கியர் தாண்டுதலும் குணஸ்தானப் படிகளும்

 

விழா மேடையில் காரின் கியரைப் பற்றிய பேச்சா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். ஆனால் இக்காலத்தில் சமணக் குடும்பங்களின் யாத்திரை பெரும்பாலும் சொந்தக் காரிலேயே நடைபெறுகிறது. வந்தவாசியிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் ஆரணியிலிருந்தும் விடியற்காலையில் புறப்படும் குடும்பம் சித்தன்னவாசலுக்கு வருகிறது. ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளைத் தொட்டு வணங்குகிறது. அறிவர் கோயிலின் தாமரைத் தடாக ஓவியத்தை அண்ணாந்து பார்க்கிறது. அதன் பின் குழந்தைகள் கடலைக் காணவேண்டும் என்கிறார்கள். கார் அறந்தாங்கி வழியாகக் கிழக்கே திரும்பி மணமேல்குடியை நோக்கி ஓடுகிறது.

மணமேல்குடி என்னும் பெயர் சமணர் செவிக்குப் புதிதன்று. பாண்டியனின் அமைச்சராயிருந்து சம்பந்தரை மதுரைக்கு வரவழைத்தவர்களுள் ஒருவரெனப் பெரியபுராணம் கூறும் குலச்சிறையார் பிறந்த ஊர் அது. அந்தப் பழைய பூசலின் வரலாறு வேறொரு நாளைக்குரியது. இன்று அவ்வூர் வழியே செல்லும் யாத்திரைக் காருக்குள் நடக்கும் பூசல் ஒன்றே இங்குப் பேசுபொருள்.

காரை ஓட்டுபவன் மகன். அருகில் தந்தை. பின்னிருக்கையில் பாட்டியும் தாயும் பேரக்குழந்தைகளும். மகன் மூன்றாம் கியரில் வேகமெடுத்து, நான்கைத் தொடாமல் நேரே ஐந்துக்குப் போகிறான். "ஒண்ணொண்ணா மாத்துப்பா, கியர்பாக்ஸ் போயிடும்" என்கிறார் தந்தை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்கிறான் மகன். இருவர் சொல்வதும் பாதி உண்மை. மற்றப் பாதியில்தான் உயிர் இருக்கிறது.

தந்தையின் வழக்கம் காரணமின்றி ஏற்பட்டதன்று. தமிழ்நாட்டில் காரோட்டுவோரில் மிகப் பலர் முதலில் கற்றது மோட்டார் சைக்கிளை. அதன் கியர் அமைப்பில் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று வரிசையாகத்தான் செல்ல முடியும்; தாண்டுவதற்கு இடமில்லை. அடுத்து அவர்கள் அமர்ந்தது அம்பாசடரிலோ, 1983 இறுதியில் வெளிவந்த மாருதி 800 இலோ. இரண்டிலும் நான்கே கியர்கள். கியருக்குக் கியர் இடைவெளி அகன்றிருந்தமையால் ஒன்றைத் தாண்டினால் இஞ்சின் திணறிவிடும். ஆகவே, படிப்படியாக மாற்றுவது அந்தக் காலத்திற்கு முற்றிலும் பொருந்திய அறிவுரை. இன்று ஐந்தும் ஆறுமாகக் கியர்கள் பெருகிவிட்டன. இடைவெளி சுருங்கியபின் ஒவ்வொரு படியிலும் நின்று செல்லவேண்டிய கட்டாயமும் சுருங்கிவிட்டது.

கியர்பாக்ஸ் போய்விடும் என்ற அச்சத்தைச் சற்று ஆராய்வோம். முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பல்சக்கரங்கள் யாவும் எப்போதும் தம் இணையோடு கோத்தபடியே சுழல்கின்றன. நெம்புகோலை அசைக்கும்போது அவற்றுள் ஒன்று மட்டும் அச்சோடு பிணைக்கப்படுகிறது. பிணைப்பதற்கு முன் இரண்டின் சுழற்சி வேகத்தையும் உராய்வினால் சமப்படுத்துவது சிங்க்ரோ வளையம். 1928 இல் காடிலாக் கார்களில் முதன்முதலாக வந்தது. ஆகவே மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே நான்கு என்னும் வாயில் ஏதுமில்லை. எந்தக் கியரிலிருந்தும் எதற்கும் நேராகப் போகலாம். ஒன்று மட்டும் உண்டு: தாண்டும் தொலைவு மிகுந்தால் அந்த வளையம் சமப்படுத்தவேண்டிய வேறுபாடும் மிகும். எனவே கை சற்று நிதானமாக நகரவேண்டும். அடித்துத் தள்ளினால் வளையம் தேயும். ஆனால் ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளினாலும் அது தேயத்தான் செய்யும்.

அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. 1989 ஆம் ஆண்டுச் செவ்ரலே கார்வெட்டில், மெதுவாக ஓட்டும்போது ஒன்றாம் கியரிலிருந்து இரண்டுக்குப் போகவிடாமல் நெம்புகோலை நான்காம் கியருக்கே தள்ளிவிடும் கருவியை வைத்தார்கள். எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும் கார்களுக்கு அந்நாட்டில் விதிக்கப்படும் தனி வரியிலிருந்து தப்புவதே நோக்கம். தாண்டுவது கேடு என்றால் செய்தவர்களே அதைக் கட்டாயமாக்கியிருக்க மாட்டார்கள். ஆயினும் வாங்கியவர்கள் அதை விரும்பவில்லை. அக்கருவியை முடக்குவதற்கென்றே தனி உறுப்பு கடைகளில் விற்பனையானது. தாண்டும் உரிமை வேறு, தாண்டவேண்டும் என்ற கட்டளை வேறு போலும்.

இனிக் கணக்கு. ஒரு சிறு காரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,000 முறை சுழலும். அதே வேகத்தில் மூன்றாம் கியரில் 2,000, நான்கில் 1,500, ஐந்தில் 1,200க்குச் சற்றுக் குறைவு. காருக்குக் கார் இந்த எண்கள் மாறும், ஒழுங்கு மாறாது. சமதளத்தில், சுமை குறைந்திருக்கையில் இரண்டிலிருந்து நான்குக்குப் போனால் 1,500 சுற்றில் இஞ்சின் அமைதியாக இழுக்கும். இரண்டிலிருந்து ஐந்துக்குப் போனால் உறுமும், நடுங்கும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறாது. அப்படித் திணறவைப்பது இஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நல்லதன்று; எரிபொருளும் மிச்சமாகாது. தாழ்ந்த சுற்றிலேயே இழுவை மிகுந்த டீசல் இஞ்சின் இதைச் சற்றுப் பொறுக்கும். சிறு பெட்ரோல் இஞ்சின் பொறுக்காது.

மணமேல்குடிப் பகுதியின் கிழக்குக் கடற்கரைச் சாலை கியர் தாண்டுவதற்கு ஏற்றது. தாண்டியவனை ஏமாற்றுவதும் அதுவே. ஏற்றமில்லை, இறக்கமில்லை, நிலம் கடலோடு கடலாகத் தட்டையாகக் கிடக்கிறது. நேர்ச்சாலையில் ஏறியபின் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாராளமாகச் செல்லலாம். ஆனால் கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என ஊர்கள் குறுக்கிடுகின்றன. வேகத்தடை, சாலையைக் கடக்கும் ஆட்டு மந்தை, பள்ளி விட்டுச் சைக்கிளில் வரும் பிள்ளைகள், மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலிருந்து வடியும் பனிக்கட்டி நீர். இங்கே முக்கியமாவது மேலே தாண்டுவதன்று, கீழே தாண்டுவது.

ஊர் எல்லையை நெருங்கும்போது பழைய முறைப்படி ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு எனக் கியராலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவோர் பலர். மூன்று முறை மாற்றினால் இருமுறை கூடுதலாக ஒரு கை ஸ்டியரிங்கை விட்டு நீங்குகிறது. கியரால் மட்டும் வேகம் குறைந்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்தொடரும் லாரிக்காரர் அறியமாட்டார். பிரேக் கட்டையின் விலையையும் கிளட்சின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தாலும் எதைத் தேயவிடுவது என்பது விளங்கும். ஆகவே, இருந்த கியரிலேயே பிரேக்கை மிதித்து வேகத்தை வேண்டிய அளவுக்குக் குறைத்து, பின்னர் ஒரே மாற்றத்தில் இரண்டாம் கியரைப் போடுவதே மேல். பிரித்தானியக் காவல்துறை ஓட்டுநர்களுக்கான ரோடுகிராஃப்ட் என்னும் கையேடும் இம்முறையையே கற்பிக்கிறது. வேகம் குறைப்பது பிரேக்கின் வேலை. குறைந்த வேகத்தில் மீண்டும் இழுப்பது கியரின் வேலை.

இதில் மகன்கள் செய்யும் பிழைகள் இரண்டு. முதலாவது, பிரேக்கை மிதிக்கும்போதே கிளட்சையும் மிதித்து, ஊர் எல்லையிலிருந்து வேகத்தடை வரை வண்டியை மிதக்கவிடுவது. நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று எண்ணுவோரும் உளர். உண்மை மாறானது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால், இன்றைய இஞ்சின் எரிபொருளை முற்றிலும் நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில் அணைந்துவிடாமலிருக்க எரித்துக்கொண்டே இருக்கும். கிளட்ச் கடைசி நொடிக்கு மட்டும்.

இரண்டாவது பிழை கொடியது: வேகம் குறையுமுன் கியரைத் தாண்டுவது. முன்சொன்ன அதே கார் 80 கிலோமீட்டரில் ஐந்தாம் கியரில் ஓடுகையில் சுற்று ஏறத்தாழ 2,350. அங்கிருந்து இரண்டுக்குத் தள்ளிக் கிளட்சை விட்டால், சக்கரங்கள் இஞ்சினை 6,000 சுற்றுக்கு இழுத்துச் செல்லும். எரிபொருளை நிறுத்தும் கணினியால் இதைத் தடுக்க இயலாது. சுழற்றுவது எரிபொருளன்று, உருளும் வண்டியின் எடை. சில இஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி நொறுங்கும். ஈரம் படிந்த சாலையாயின் அதற்கு முன்பே முன்சக்கரங்கள் பிடிப்பிழந்து வண்டி வழுக்கும். பின்னிருக்கையில் பாட்டியும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

இவ்விடத்தில் குணஸ்தானங்களை நினைவுகூர்வது பொருத்தமாகும். பதினான்கு படிகள் என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்கள், உயிர் அவற்றை ஒவ்வொன்றாக ஏறுவதாகவே எண்ணிக்கொள்வர். கோம்மடசாரத்தில் நேமிசந்திரர் விளக்கும் முறை அதுவன்று. மித்தியாத்துவமாகிய முதற்படியிலிருந்து நற்காட்சி பெறும் உயிர் இரண்டாம் படியைத் தொடுவதேயில்லை. நேரே நான்குக்குச் செல்கிறது. இரண்டாம் படி மேலிருந்து விழும் உயிர் கணநேரம் தங்கும் இடமே. துறவு பூணும் உயிர் முதலில் ஏழாம் படியை அடைந்து, அதிலிருந்து தளர்ந்தே ஆறுக்கு வருகிறது. வினையை அமுக்கிக்கொண்டு ஏறும் உபசம சிரேணியார் பதினோராம் படி வரை சென்று கட்டாயம் இறங்குவர், வினையை அழித்து ஏறும் க்ஷபக சிரேணியார் பத்திலிருந்து பதினோராவதைத் தாண்டிப் பன்னிரண்டில் கால்வைப்பர், அவர்களுக்கு வீழ்ச்சியில்லை. அமுக்கிவைத்த வினை மீண்டும் எழும் என்பதே வேறுபாடு. பெட்டிக்குள் உள்ள வேகத்தைக் குறைக்காமல் நெம்புகோலை மட்டும் நகர்த்துபவன் நிலையும் ஏறக்குறைய இதுவே. உவமையை இதற்கு மேல் இழுத்தால் அதுவும் திணறும்.

ஆறுக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாடு பிரமாதம் என்ற ஒரே சொல்லில் அடங்குகிறது. ஆறாவது பிரமத்தம்; ஏழாவது அப்பிரமத்தம். இன்றைய தமிழில் பிரமாதம் என்றால் மிக நன்று என்று பொருள். நெம்புகோலைப் பார்க்காமலே தாண்டும் இளைஞனை நண்பர்கள் அச்சொல்லால்தான் பாராட்டுகிறார்கள்! ஆகமத்தில் அதன் பொருள் விழிப்பின்மை. விழிப்பின்மையால் உயிருக்குத் தீங்கு செய்வதே கொலை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. இரியா சமிதி மேற்கொண்ட முனிவர் முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து நடக்கிறார். அடியின் கீழ் எறும்பு இருக்கலாம். 80 கிலோமீட்டர் வேகக் கார் ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடந்துவிடுகிறது. இல்லறத்தார்க்கு அணுவிரதமே விதிக்கப்பட்டிருப்பினும், நாய்க்குட்டியோ ஆட்டுக்குட்டியோ சாலையில் இறங்கும் நொடியில் கை கியரில் இருக்கிறதா ஸ்டியரிங்கில் இருக்கிறதா என்பது விரதத்திற்கு அப்பாற்பட்ட செய்தியன்று.

மலையில் மட்டும் தந்தையின் சொல்லே வெல்கிறது. எழுபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையிலோ, கர்நாடகத்துத் தலங்களுக்குச் செல்லும் மலைப்பாதைகளிலோ இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்கவேண்டும். பிரேக்கையே நம்பினால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். அங்கே வேகத்தை அடக்குவது இஞ்சினின் வேலையாகிவிடுகிறது. வளைவைக் கண்டபின் தாண்டித் தேடாமல், வளைவு வருமுன்னரே ஒவ்வொரு கியராக இறங்கியிருக்கவேண்டும்.

மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து திரும்பும் காரில், அறந்தாங்கிச் சாலை நேராகும் இடத்தில் மகன் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாண்டட்டும். தந்தை வாய் திறவாதிருக்கலாம். ஊர்ப்பலகை தெரிந்ததும் அவர் பார்க்கவேண்டியது மகனின் இடக்கையை அன்று, வேகமானியின் முள்ளை. அது வேண்டிய அளவுக்கு இறங்கியபின் நெம்புகோல் ஐந்திலிருந்து இரண்டுக்குப் போனால் அவர் வெளியே கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டு வரலாம்.