கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கே இறங்குவது?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை திருவான்மியூரில் தொடங்குகிறது. மயிலாப்பூர்க்காரர்கள் திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து, எல்.பி. ரோடு பிடித்து அங்கே வருகிறார்கள். தி.நகர்வாசிகளுக்கு நந்தனம், கோட்டூர்புரம், மத்திய கைலாஷ் என்று ஒரு சுற்று. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். புதுச்சேரி அதற்கப்பால் இன்னொரு 95 கிலோமீட்டர். 2002 முதல் இது சுங்கச் சாலை. வண்டி ஓட்டுவது சுலபம். வழியில் எந்த இடத்தில் இறங்குவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதில்தான் சிரமம்.

கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பிக் கிளம்புகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம், கடல் கண்ணில் படாதது. கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் மணல் மேட்டின் மேல் செல்கிறது சாலை. அதற்கும் அலைக்கும் இடையில் பங்களாக்கள், விடுதிகள், மதில்கள். அவை ஓய்ந்த இடத்தில் சவுக்குத் தோப்பு. வண்டியில் உட்கார்ந்தபடியே பரந்த தண்ணீரைப் பார்க்க முட்டுக்காடு பாலம் ஓரிடம். பிறகு வெகுதூரம் தள்ளி மரக்காணத்துப் பக்கம். மற்றபடி இறங்கி உள்ளே நடந்தால்தான் எதுவும் தெரியும். அதனால்தான் இந்தச் சாலையில் பயணம் எப்படி அமைகிறது என்பது பெரும்பாலும் இறங்கும் இடங்களைப் பொறுத்தே இருக்கிறது.

இறங்குவது என்பதும் சும்மா நடப்பதல்ல. வண்டியை நிறுத்த வேண்டும், டிக்கெட் வாங்க வேண்டும், குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும், பெரியவர்களுக்குக் கழிப்பறை வேண்டும். பத்து நிமிடம் பார்க்கும் இடத்துக்கு முக்கால் மணி நேரம் போய்விடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தயாராகும் பட்டியலில் எப்போதும் எட்டுப் பத்து இடங்கள் இருக்கும். ஒரு பகலுக்கு மூன்று இடங்களே தாளும். நான்காவது இடத்தில் பாதிப்பேர் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள்.

பட்டியலைக் குறைக்க ஒரு நல்ல வழி உண்டு. எந்த இடத்துக்கு இன்ன நேரத்தில் போனால்தான் பலன் என்று இருக்கிறதோ, அதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களை அதைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். இந்தச் சாலையில் அப்படிப்பட்ட இடங்களில் முதலாவது மாமல்லபுரம்.

மாமல்லபுரத்தின் அருச்சுனன் தபசு சுமார் 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் உள்ள பாறைச் சிற்பம். அது கிழக்கே பார்த்து நிற்கிறது. முதுகுப் பக்கம் குன்று. காலை வெயில் நேரே அதன் மேல் விழும்போது யானைகளின் தோல் மடிப்பு, நாகர்களின் கூப்பிய கை, எலிகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் தவம் செய்யும் பூனை எல்லாம் தனித்தனியே எழுந்து தெரிகின்றன. பிற்பகலில் குன்றின் நிழல் கவிந்து, முழுப் பாறையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அது அருச்சுனன் தவமா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் தவமா என்று அறிஞர்கள் நடத்தும் வழக்கு இன்னும் முடியவில்லை. நடுவில் இருக்கும் பிளவைக் காட்டி இரண்டு கட்சிக்காரர்களும் வாதாடுவதைக் கேட்கவும் காலை வெளிச்சம் வேண்டும். இதைப் பார்க்கக் கட்டணம் இல்லை, சாலையோரத்திலேயே இருக்கிறது.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எடுப்பித்த கடற்கரைக் கோயிலின் பெரிய சன்னிதியும் கடலை நோக்கியதே. அதற்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட். முதல் இடத்தில் வாங்கியதைத் தொலைக்காமல் வைத்திருப்பது நல்லது. ஐந்து ரதங்களை மாலையிலும் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒற்றைப் பாறையில் செதுக்கியது. சில முடிவடையாமலே நிற்கின்றன. உளி எங்கே நின்றது என்று தேடிப் பார்ப்பதற்குச் சாய்ந்த வெயில் உதவும். 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்த ஊருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவது பாவம். சென்னையிலிருந்து விடியலுக்கு முன் கிளம்பி, வழியில் எங்கும் நிற்காமல் நேரே இங்கே வந்து, திரும்பும்போது மற்ற இடங்களைப் பார்ப்பதே சரியான வரிசை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, உச்சி வெயிலில் பாறை சுட ரதங்களுக்கு நடுவே நிற்கிறார்கள்.

பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை கோயில்கள் நடை சாத்தியிருக்கும். திறந்த மணலில் நிற்கவும் முடியாது. அந்த நேரத்துக்கு நிழலுள்ள இடம் தேவை. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா இதற்கு மிகவும் பொருத்தம். 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்த வளாகத்தில் தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியின் சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு என்று ஒவ்வொன்றாக நுழைந்து வெளியே வரலாம். வெயில் காலத்துக்கென்று கட்டிய திண்ணையின் அருமை, மே மாதப் பகலில் அதன் மேல் உட்கார்ந்தால் விளங்கும்.

குழந்தைகள் உடன் இருந்தால் வடநெம்மேலியிலுள்ள முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் 1976-இல் தொடங்கிய அறக்கட்டளை இது. முதலைகளைவிடப் பலரையும் ஈர்ப்பது, அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பின் நஞ்சைச் சேகரித்துக் காட்டுவது. பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்க இந்த நஞ்சு போகிறது. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வார நாளில் லீவு போட்டுக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்காமல் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது வழக்கம்.

சின்ன நிறுத்தங்கள் சில. ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஓவியத்தில் ஆர்வம் இருப்பவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். கோவளம் அலைச்சறுக்குக்குப் பேர்போனது. திருவிடந்தையின் நித்திய கல்யாணப் பெருமாள் கோயில், கல்யாணம் தள்ளிப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் தவிர்க்க மாட்டாத இடம். அவர்களிடம் பட்டியலைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை. கேளிக்கைப் பூங்காக்களை மற்ற இடங்களோடு சேர்க்கவே கூடாது. அவை ஒரு முழு நாளையும் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு கணக்கு சாலையின் பக்கம். நடுவே தடுப்பு வைத்த சாலை என்பதால் எதிர்ப்பக்கத்து இடத்துக்குப் போக வெகுதூரம் சென்று திரும்பி வர வேண்டும். தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம். முதலைப் பண்ணையும், யாளித் தலைகள் சூழ்ந்த சாளுவன்குப்பம் புலிக்குகையும் கடல் பக்கத்தில் இருக்கின்றன. முட்டுக்காடு படகுக் குழாம் எதிர்ப்பக்கம். திரும்பும் வழியில், வெயில் தாழ்ந்தபின் அதற்குப் போவது பொருந்தும். சாளுவன்குப்பத்தில் இறங்குகிறவர்கள் சற்றுத் தள்ளியுள்ள செங்கல் முருகன் கோயிலின் அடித்தளத்தையும் பார்த்துவிடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட கல்வெட்டுகளைப் பின்பற்றி, 2005-இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்து எடுத்தது அது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே போவதென்றால் ஓர் இரவு தங்கல் வேண்டும். ஒரே நாளில் புதுச்சேரி போய்த் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் சாலையை மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் கூட்டம் குறைந்து, சாலை அழகு பெறுவது இங்கேதான். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை, அதற்குள் வேலைப்பாடு மிகுந்த கல்லறைப் பலகைகள். கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. மிச்சமுள்ள சுவர்களுக்குக் கீழே கழிமுகம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஆலம்பரையே மேல். இடிபாட்டோடு நீரும் படகும் அங்கே சேர்ந்து கிடைக்கின்றன.

அடுத்து மரக்காணம். சாலையின் ஓரமாகவே உப்பளப் பாத்திகள் விரிகின்றன. கோடையில் வெள்ளைக் குவியல்கள், வேலையாட்கள். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பு. அந்த மழைக்குப் பிந்தைய மாதங்களில் பக்கத்துக் கழுவேலி ஏரிக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட ஏரி இது. ஆக, உப்பு பார்க்க வேண்டுமா, பறவை பார்க்க வேண்டுமா என்பதை வைத்தே மாதத்தை முடிவு செய்யலாம்.

இந்தப் பகுதிக்கு வழிகாட்டி எழுதுவது புதிதல்ல. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, வறிய பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் அனுப்பும் பாட்டு. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று மூன்றே ஊர்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்லிவிடுகிறது. கடற்கரையில் கள்ளும் சுட்ட மீனும், காட்டோரத்தில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், வயல்புறத்தில் வெண்சோறும் நண்டும். அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர் ஆய்வாளர்.

புதுச்சேரியை நெருங்கும்போது 1968-இல் தோன்றிய ஆரோவில். மாத்ரி மந்திரை வெளியிலிருந்து பார்க்கும் இடம் வரை போக வருகையாளர் மையத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். உள்ளே செல்ல முன்கூட்டியே பதிவு தேவை. பதிவு கிடைத்துவிட்டால் அந்த நாளின் மற்ற எல்லாமே அந்த நேரத்துக்குக் கட்டுப்படும். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்த இடம். இன்று தரைக்கு மேல் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. அங்கே கிடைத்த பொருள்களை நகரத்து அருங்காட்சியகத்தில் பார்ப்பது மேல்.

எந்த ஊரில் இறங்கினாலும் கடலில் குளிப்பது வேறு விஷயம். இந்தக் கரையின் பல இடங்களில் இழுப்பு பலமானது, அமைதியாகத் தெரியும் நாளிலும். உள்ளூர் மீனவர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் காலை நனைத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

கடைசியாகத் திரும்பும் நேரம். ஞாயிறு மாலையில் அக்கரையிலிருந்து திருவான்மியூர் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். தி.நகர்ப் பக்கம் போகிறவர்கள் கோவளத்தில் மேற்கே திரும்பி, கேளம்பாக்கம் போய், பழைய மாமல்லபுரம் சாலையைப் பிடித்து மத்திய கைலாஷ் வந்துவிடலாம். புதுச்சேரியிலிருந்து வருகிறவர்களுக்குத் திண்டிவனம் வழியாக ஜி.எஸ்.டி. சாலையும் உண்டு, ஆனால் விடுமுறை முடியும் மாலைகளில் அதுவும் பெருங்களத்தூரில் நெருங்கிவிடும். அடையாறு, மயிலாப்பூர் செல்வோருக்கு இந்த இரண்டு சுற்றும் அவ்வளவாகப் பயன்படாது. பட்டியலின் கடைசி இடத்தை அடித்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்குள் முட்டுக்காட்டைத் தாண்டிவிடுவது அவர்களுக்கு நல்லது.