பெண்ணுறை நமக்குச் சரிப்படுமா?

(நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் பேசியது)

போன கூட்டம் முடிஞ்சதும் ஒரு அக்கா என்னைத் தனியா கூப்பிட்டு, "சிஸ்டர், வீட்டுக்காரர் லாரிக்குப் போறவரு. நிரோத் போடச் சொன்னா சண்டைக்கு வர்றாரு. பொம்பளைங்க வச்சுக்கற உறை இருக்காமே, அது எனக்குச் சரிப்படுமா?" என்று கேட்டார். இந்தக் கேள்வி இன்னும் சிலருக்கும் இருக்கும். அதனால இங்கேயே பேசிடுவோம்.

பெண்ணுறை என்பது ஒரு மெல்லிய பை. மூடிய முனையில் உள்ள வளையத்தை விரலால் அமுக்கி உள்ளே வைக்கணும். சிலதில் வளையத்துக்குப் பதிலா பஞ்சு இருக்கும். திறந்த முனையின் வளையம் வெளியில் நிற்கும். அவருக்குத் தெரியாம வச்சுக்க முடியாதும்மா, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா 'நான் மாட்டமாட்டேன்'னு சொல்ற ஆம்பளைங்க சிலர் இதுக்குச் சம்மதிக்கறதும் உண்டு. பேச்சை எடுத்தாலே அடி விழும் என்ற நிலைமைன்னா 181-க்குப் போன் பண்ணுங்க.

அடுத்து, உங்களுக்கு எது பயம்? கர்ப்பமா, நோயா? சாதாரணமா உபயோகிக்கும் 100 பெண்களில் வருஷத்துக்கு 21 பேர் வரை கர்ப்பமாகிறார்கள். ஒவ்வொரு தடவையும் தவறாம, சரியா உபயோகித்தால் 5 பேர். நிரோதில் சாதாரணமா 13 பேர். காப்பர்-டியில் ஒருவருக்கும் குறைவு. அதனால, 'இனி குழந்தையே கூடாது, உடம்பு தாங்காது' என்கிறவங்க இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஆனா காப்பர்-டியோ, அந்தரா ஊசியோ எச்.ஐ.வி.யைத் தடுக்காது, உறைதான் தடுக்கும். அந்த அக்காவுக்கு இரண்டு பயமும் இருந்தது. காப்பர்-டியும் போட்டுக்கொண்டு, பெண்ணுறையும் வச்சுக்கலாம் என்றேன். நம்பிக்கை மையத்தில் இரண்டு பேரும் இலவசமா ரத்தம் பரிசோதிச்சுக்கலாம்.

பெண்ணுறையும் நிரோதும் ஒரே நேரத்தில் வேண்டாம், உரசிக் கிழியும். ரப்பர் பாலில் செய்ததுன்னா தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. பாக்கெட்டைப் படிச்சுப் பாருங்க. முதல் தடவை வழுக்கும், சிரிப்புகூட வரும். தனியா இருக்கும்போது இரண்டு மூணு தடவை வச்சுப் பழகுங்க. வெளி வளையம் உள்ளே போயிட்டாலோ, உறைக்குப் பக்கவாட்டில் போயிட்டாலோ பாதுகாப்பு போச்சு. 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை போடணும், சீக்கிரம் போடப் போட நல்லது.

நிரோத், மாலா-என், சாயா, அந்தரா, காப்பர்-டி எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பெண்ணுறை அந்த வரிசையில் இல்லை. மருந்துக் கடையில் கேட்டுப் பார்க்கணும், நிரோதை விட விலை அதிகம், ஒண்ணு ஒரு தடவைக்குத்தான். மாசச் செலவு கட்டுப்படியாகுமான்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

இங்கே கேட்கக் கூச்சமா இருந்தா புதன்கிழமை தடுப்பூசி முடிஞ்சதும் வாங்க. 104-லயும் கேட்கலாம்.