இரண்டு பேர், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு வாய்க்கால் கரை

(மருத்துவமனை உதவியாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதிய வார்டைப் பற்றியோ அறுவை அரங்கத்தைப் பற்றியோ பேச நாங்கள் இன்று வரவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கப் போகும் நர்சம்மாவும், அவரை அழைத்துச் செல்லும் ஊழியரும் ஏறிப்போக ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டிருந்தோம். பலர் அன்போடு முன்வந்தீர்கள். "ஜீப்பாகவே வாங்கிவிடலாமே" என்றார் ஒருவர். "மலை ஏறுகிற பெரிய மோட்டார் சைக்கிள் வாங்குங்கள், பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்றார் இன்னொருவர். அந்த நல்ல மனதுக்கு நன்றி. ஆனாலும் நாங்கள் கேட்பது ஒரு 100 சிசி வண்டி, அதுவும் பழைய வண்டி. ஏன் என்று உங்களுக்கு விளக்குவது எங்கள் கடமை.

எங்கள் பாதை எப்படிப்பட்டது?

தஞ்சாவூர்ச் சீமையில் ரோடா இல்லை என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. ரோடு இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து பாபநாசம், கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி எங்கே போனாலும் தார் ரோடுதான். எங்கள் சிரமம் ரோடு முடிகிற இடத்தில் ஆரம்பிக்கிறது. கல்லணையில் காவிரி நீர் காவிரி, வெண்ணாறு, 1934-ம் ஆண்டு பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பிறகு நூற்றுக்கணக்கான கிளைகளாகவும் வாய்க்கால்களாகவும் விரிகிறது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு கரை. அந்தக் கரைதான் பல குடியிருப்புகளுக்குப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் நாற்று நட்ட வயல். ஜீப் ஏறினால் திரும்ப இடமில்லை. நடுவில் ஒரு மூங்கில் பாலமோ பனைமரப் பாலமோ வந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கோடையில் இந்தக் கரை கல்லைப்போல் இறுகிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் களியாகிவிடும். வண்டல் களி மணலைப்போல் உதிராது. டயரில் அப்பி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரத்தையே பூட்டிவிடும். தை மாதம் அறுவடை இயந்திரங்கள் போன தடம் முழங்கால் ஆழத்துக்குக் காய்ந்து கிடக்கும். 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கங்களில் பாதைகளின் குறுக்கே தென்னைகள் விழுந்து கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு பேர் தூக்கி அப்புறம் வைக்கக்கூடிய வண்டிதான் போய்ச் சேரும்.

அந்தப் பாதையின் முடிவில் யார் இருக்கிறார்கள்? பக்கவாதத்தில் விழுந்து படுக்கைப் புண்ணோடு கிடக்கும் தாயார். சர்க்கரை நோயால் கால் புண் ஆறாமல், கட்டு மாற்றக் காத்திருக்கும் விவசாயத் தொழிலாளி. சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும் பெரியவர். குழாய் அடைத்துக்கொண்டால் அது மழை விடும்வரை காத்திருக்காது. நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, வாசலில் இடமில்லாமல் கூரையைப் பிரித்து இறக்கினார்கள் என்று வேதத்தில் வாசிக்கிறோம். எங்கள் நோயாளிகளில் பலருக்கு அப்படிச் சுமக்க நாலு பேர் இல்லை. பிள்ளைகள் திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். ஆகவே மருத்துவம்தான் அவர்கள் வாசலுக்குப் போக வேண்டும். இது புதிதும் அல்ல. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெஜோ மோட்டார் வண்டி ஒன்றில் போய், சாலையோர மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தார்.

எந்த வண்டி?

முதலில் எடை. மலைப் பயணத்துக்கென்று 2016-ம் ஆண்டு வந்த என்ஃபீல்டு ஹிமாலயன் 190 கிலோவுக்கு மேல். நல்ல வண்டிதான், ஆனால் களியில் சாய்ந்தால் நர்சம்மாவும் ஓட்டுபவரும் சேர்ந்தாலும் நிமிர்த்துவது கஷ்டம். 2019-ம் ஆண்டு வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்குத் தரையிலிருந்து அடிப்பாகம் 220 மில்லிமீட்டர் உயரம். பள்ளம் மேட்டுக்கு அருமை. ஆனால் சீட் 82 சென்டிமீட்டருக்கு மேலே இருக்கிறது. சராசரி உயரமுள்ள ஒருவர் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு வழுக்கும் கரையில் நின்றால், கால் முழுதாகத் தரையில் ஊன்றாது. ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி வண்டி ஏறக்குறைய 112 கிலோ. அடிப்பாக உயரம் 165 மில்லிமீட்டர்தான். ஆனால் இரண்டு காலும் தரையில் நிற்கும். விழுந்தாலும் ஒருவரே தூக்கிவிடலாம்.

டிவிஎஸ் எக்ஸெல்லை விட்டுவிட்டீர்களே என்று டெல்டாக்காரர்கள் கேட்பீர்கள். நெல் மூட்டையும் உர மூட்டையும் புல்லுக்கட்டும் சுமக்கும் அந்த வண்டியை நாங்களும் மதிக்கிறோம். தனி ஆளுக்கும் சுமைக்கும் அதைவிடச் சிக்கனமான வண்டி இல்லை. ஆனால் அதற்கு ஒரே கியர், சிறிய சக்கரம். இரண்டு பேரோடு களியில் மெதுவாக இழுத்து ஏற, முதல் கியர் என்று ஒன்று இருப்பது நல்லது. 2021-ம் ஆண்டு பஜாஜ் வெளியிட்ட சிடி 110 எக்ஸ், 170 மில்லிமீட்டர் உயரமும் கட்டை வைத்த டயரும் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. பழைய விலையில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் அதையும் வாங்குவோம்.

இரண்டாவது, பழுது பார்க்கும் வசதி. 2020-ம் ஆண்டு ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அது சுத்தமானது, நல்லது. ஆனால் சேறும் தண்ணீரும் புகுந்தால் கார்புரேட்டரை எந்த ஊர்ப் பட்டறையிலும் கழற்றித் துடைத்துவிடுவார்கள். மற்றதற்குக் கருவி வேண்டும், நகரம் போக வேண்டும். ஆகவே 2020-க்கு முந்தைய, பதிவுக் காலமான 15 வருடத்தில் பாதியாவது மீதியுள்ள வண்டியே எங்களுக்குப் போதும். கிக் ஸ்டார்ட் இருக்க வேண்டும். கம்பிச் சக்கரம் இருக்க வேண்டும். வளைந்தால் சைக்கிள் கடைக்காரர்கூட நிமிர்த்தித் தருவார். செயினை முழுதும் மூடிய மூடி இருக்க வேண்டும். கதிர் அடிக்கும் காலத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் திறந்த செயினில் சுற்றிக்கொள்ளும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என்னென்ன மாற்றங்கள்?

வாங்கிய வண்டியை அப்படியே கரையில் ஏற்ற முடியாது. மாற்றங்கள் சிலவே, பெரிய செலவும் இல்லை.

முதலாவது டயர். பதிவுச் சான்றில் உள்ள அதே அளவில், பின்னால் கட்டை வைத்த டயர். காற்று அளவு இதைவிட முக்கியம். ஒருவருக்கு ஒரு அளவு, இருவருக்கு ஒரு அளவு என்று கையேட்டில் போட்டிருக்கும். தார் ரோட்டில் இருவருக்கான அளவு வைக்க வேண்டும். களியில் இறங்கும்போது சிறிது குறைத்தால் பிடிப்பு கூடும். திரும்பி ரோடு ஏறியதும் கைப்பம்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது முன் மட்கார்டு. இடையே துண்டு வைத்து, நீளமான போல்ட் போட்டு, டயருக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டால் களி அடைக்காது.

மூன்றாவது பல்சக்கரம். முன் பல்சக்கரத்தில் 14 பல் இருந்தால் 13 பல் உள்ளதாக மாற்றினால் இழுவை ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடும். ஏறக்குறைய அந்த அளவுக்கு வேகம் குறையும். எங்களுக்கு வேகம் தேவையில்லை. பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கியும் இதைச் செய்யலாம், ஆனால் அது செயின் மூடியில் உரசும். மூடியை இழக்க நாங்கள் தயாராக இல்லை.

நான்காவது, பின்னால் இருப்பவர். வண்டியை மாற்றுகிறவர்கள் ஓட்டுபவரையே நினைப்பார்கள். எங்களுக்கு நர்சம்மாதான் முக்கியம். அவர் இடுப்பு நோகாமல் வேலை செய்தால்தான் அடுத்த வாரமும் போவார். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இருவர் எடைக்கு ஏற்பக் கூட்டி வைக்க வேண்டும். நல்ல கைப்பிடியும் கால்மிதியும், பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் சேலைத் தடுப்பும் வேண்டும். இம்மூன்றையும் மத்திய மோட்டார் வாகன விதி 123-ம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒருபக்கமாக உட்கார்ந்து கரையில் போவது ஆபத்து. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் சறுக்கும். ஆகவே கிராம ஊழியத்துக்குப் போகும் நர்சுகளுக்குச் சுடிதார் சீருடை. ஹெல்மெட் இருவருக்கும் உண்டு.

ஐந்தாவது, சுமை. இவ்வகை வண்டிகள் பலவற்றில் ஏற்றக்கூடிய எடை 130 கிலோ அளவு. அறுபது கிலோ ஆட்கள் இருவர் ஏறினால் 120 போய்விட்டது. மருந்து, கட்டுத் துணி, இரத்த அழுத்தக் கருவி, வண்டிச் சாமான் எல்லாம் பத்துக் கிலோவுக்குள் அடங்க வேண்டும். அதையும் பின் கேரியரில் உயரக் கட்டினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். இரண்டு பக்கப் பைகளில், தாழ்வாக, முடிந்தவரை பின் அச்சுக்கு முன்னால் வைக்க வேண்டும்.

ஆறாவது, சின்ன விஷயம். சைடு ஸ்டாண்டின் அடியில் உள்ளங்கை அளவு இரும்புத் தகடு ஒன்றைப் பற்றவைத்தால், ஈர மண்ணில் புதைந்து வண்டி சாயாது.

இதற்கு மேல் எதையும் தொடமாட்டோம். இன்ஜினைப் பெரிதாக்குவது, சைலன்சரை மாற்றுவது, சட்டத்தை வெட்டி ஒட்டுவது வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. நோயாளியை இதில் ஏற்றி வருவதும் எங்கள் திட்டம் அல்ல. வங்காளத்தில் ஜல்பைகுரி தேயிலைத் தோட்டத் தொழிலாளி கரிமுல் ஹக், அவசரத்தில் நோயாளிகளைத் தம் மோட்டார் சைக்கிளிலேயே ஏற்றிக் காப்பாற்றி, 2017-ம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்றார். அவரை வணங்குகிறோம். ஆனால் தார் ரோடு வரை 108 வண்டி வருகிற எங்கள் பகுதியில், நர்சை நோயாளியிடம் சேர்ப்பதே இந்த வண்டியின் வேலை.

வாங்கிய பின்?

1980-களின் பிற்பகுதியில் பேரி கோல்மன் என்ற ஆங்கிலேயரும், ராண்டி மமோலா என்ற அமெரிக்கப் பந்தய வீரரும் சோமாலியா போனார்கள். அங்கே சுகாதாரப் பணிக்கென்று கொடுக்கப்பட்ட வாகனங்கள் ஓடாமல் கிடப்பதைக் கண்டார்கள். பெரிய பழுது ஒன்றுமில்லை. எளிய பராமரிப்பு இல்லை, அவ்வளவுதான். அதிலிருந்து பிறந்ததுதான் ஆப்பிரிக்கச் சுகாதார ஊழியர்களின் மோட்டார் சைக்கிள்களைப் பராமரித்த 'ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்'. அவர்கள் கற்றுக்கொடுத்த பாடம், கெட்டுப்போன பின் சரிசெய்யாதே, கெடுமுன் மாற்று என்பது.

வண்டி வாங்கிக் கொடுக்க மனம் வருகிறது. செயின் எண்ணெய்க்குக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் ஈரத்தில் ஓடிய ஒவ்வொரு நாளும் மாலையில் செயினைக் கழுவி எண்ணெய் விட வேண்டும். ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் கட்டைகளைத் தேதி குறித்து மாற்ற வேண்டும். தண்ணீரைக் கடந்தால் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்த வேண்டும். தண்ணீர் சக்கர அச்சுக்கு மேல் இருந்தால் இறங்கிவிட வேண்டும். ஓடுகிற தண்ணீராக இருந்தால் கடக்கவே கூடாது. ஒரு டியூப், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிளக், செயின் லாக், கைப்பம்பு எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

அன்பானவர்களே, ஒரு ஜீப்பின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இந்தப் பழைய வண்டி முடியும். பெரிய மோட்டார் சைக்கிளுக்கென்று ஒதுக்கிய காணிக்கையை எங்களிடம் தரச் சித்தமானால், அதை மூன்றாகப் பிரிக்க அனுமதி தாருங்கள். ஒரு பங்கு வண்டிக்கு. ஒரு பங்கு மாற்றங்களுக்கும் இரண்டு ஹெல்மெட்டுகளுக்கும் மழைக் கோட்டுகளுக்கும். மூன்றாம் பங்கு, அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த வண்டி நின்றுபோகாமல் இருக்க. பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் வீட்டில், மகன் வெளிநாடு போனபின் ஓடாமல் நிற்கும் 100 சிசி வண்டி இருக்கலாம். பதிவுச் சான்றும் இன்சூரன்சும் சரியாக இருந்து, பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்திட்டுத் தந்தால், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். கடனில் வாங்கிய வண்டியானால் கடன் தீர்ந்த சான்றும் வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்குமுன் வண்டி தயாராக வேண்டும். மழை தொடங்கிய பின் வரும் வண்டி, தை மாதம் வரை கொட்டகையில் நிற்கும்; கட்டு மாற்ற வேண்டிய புண் அதுவரை நிற்காது. இதை உங்கள் ஜெபத்திலும் யோசனையிலும் வையுங்கள்.