கல்லூரிக் களமா, தொழிற் களமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையிலுள்ள பெரியவர்கள் சிலர் புன்முறுவல் செய்கிறார்கள். ஆட்டத்தின் நுட்பங்களைச் சொல்லி உங்களை வருத்த மாட்டேன். ஓர் ஆசிரியருக்கு வந்த அழைப்பைப் பற்றியே என் பேச்சு.

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் சர்வகலாசாலை இருக்கிறது. அதன் கூடைப்பந்து மண்டபம் 9,314 பேரையே கொள்ளும். பெரிய ஆட்டங்களுக்கு இடம்பிடிக்க மாணாக்கர் வாரக்கணக்காக வெளியே கூடாரமடித்துக் காத்துக் கிடப்பார்கள். அங்கே 1980 இல் பயிற்சியாளராக வந்தவர் மைக் ஷஷெவ்ஸ்கி. அப்பெயரை உச்சரிக்க அமெரிக்கரே இடர்ப்பட்டதால் ‘கோச் கே’ என்று சுருக்கி விட்டார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

அவருடைய தொடக்கம் சிறப்பானதன்று. இரண்டாம் ஆண்டில் 10 வெற்றி, 17 தோல்வி. மூன்றாம் ஆண்டில் 11 வெற்றி, மறுபடியும் 17 தோல்வி. அவரை நீக்க வேண்டுமென்று பலர் கூக்குரலிட்டார்கள். சர்வகலாசாலையின் விளையாட்டுத்துறை அதிபர் ரொம் பட்டர்ஸ் அதற்குச் செவிசாய்க்கவில்லை. 1984 ஜனவரியில் கோச் கேயின் ஒப்பந்தத்தை நீடித்தே கொடுத்தார். பின்னர் 1991, 1992, 2001 ஆகிய ஆண்டுகளில் டியூக் தேசிய வாகை சூடியது.

2004 யூனில் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் என்னும் தொழின்முறைக் குழு இறுதிப் போட்டியில் தோற்றது. அதன் பயிற்சியாளரும் விலகினார். லேக்கர்ஸ் கோச் கேயை அழைத்தது. ஐந்தாண்டுகளுக்கு 4 கோடி டொலர் என்று பத்திரிகைகள் எழுதின. அக்குழுவின் பெருவீரர் கோபி பிறயன்ற் உயர்பள்ளியிலிருந்து நேரே தொழில்முறைக்கு வந்தவர். சர்வகலாசாலைக்குப் போயிருந்தால் டியூக்குக்கே போயிருப்பேன் என்று சொல்லி வந்தவர். பணமும் புகழும் உலகின் முதல்தர வீரரும் ஒருங்கே வாசலில் வந்து நின்றால் எவர் மனந்தான் அசையாது?

நண்பர்களே, இதைப் பணத்துக்கும் தியாகத்துக்கும் நடந்த போராட்டமென்று எண்ணிவிடாதீர்கள். டியூக்கில் கோச் கே ஏழையாக இருந்தவரல்லர். தாராளமாகச் சம்பளம் வாங்கியவர். அக்காலத்தில் அவருக்காக ஓடியாடிய மாணாக்கருக்கோ உபகாரச் சம்பளம் தவிர வேறு ஊதியமில்லை. 2021 இலேதான் அவர்கள் தம் பெயரால் பணம் சம்பாதிக்க வழி பிறந்தது. ஆகவே அவரை முனிவராக்க நான் விரும்பவில்லை.

உண்மையான வினா வேறு. இரண்டும் ஒரே ஆட்டமாயினும் ஒரே வேலையல்ல. கல்லூரிப் பயிற்சியாளர் பதினேழு வயதுப் பிள்ளையின் வீட்டுக்குச் சென்று, பெற்றோரோடு பேசி, அவனைத் தம்மிடம் வரச் செய்கிறார். அவன் அவரை நம்பி வருகிறான். தொழில்முறையிலோ வீரர் பலர் பயிற்சியாளரைவிடக் கூடிய சம்பளம் பெறுவர். பருவமொன்றுக்கு 82 ஆட்டங்கள். தோற்ற இரவின் மறுநாளே வேறு நகரம். புதிய வீரர் யார் வருவார் என்பதைச் சில வேளை திருவுளச் சீட்டே தீர்மானிக்கும்!

றிக் பிற்றினோவைக் கேட்டால் தெரியும். 1996 இல் கென்ரக்கியை வாகை சூட வைத்தவர். 1997 இல் பொஸ்டன் செல்ற்றிக்ஸ் குழுவுக்குப் போனார். அவ்வாண்டுச் சீட்டுக் குலுக்கலில் ரிம் டங்கன் என்னும் வீரர் கிடைப்பாரென்று பொஸ்டன் நம்பியிருந்தது. அவர் சான் அன்ரோனியோவுக்குப் போய்விட்டார். 102 வெற்றியும் 146 தோல்வியுமாக 2001 ஜனவரியில் பிற்றினோ பதவி துறந்தார். கல்லூரியில் பெற்ற திறமை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அதைப் பயன்படுத்தும் நிலம் மாறிவிட்டது.

போனவரெல்லாம் வீழ்ந்தாரென்றும் சொல்ல முடியாது. பட்லர் என்னும் சிறு சர்வகலாசாலையை 2010, 2011 இரண்டிலும் இறுதிப் போட்டிக்குக் கொண்டுவந்த பிறட் ஸ்ரீவன்ஸ், 2013 இல் அதே பொஸ்டனுக்குச் சென்று எட்டாண்டுகள் நின்று பிடித்தார். கல்லூரி வாகை, தொழில்முறை வாகை இரண்டையும் வென்ற பயிற்சியாளர் லறி பிறவுண். 2004 இல் லேக்கர்ஸைத் தோற்கடித்த டெற்றொயிற் குழு அவருடையதே.

கோச் கே சில நாள் யோசித்தார். அந்நாட்களில் டியூக் மாணாக்கன் ஒருவன் அவருக்கு மின்னஞ்சல் எழுதினான். அவன் கூடைப்பந்துக் குழுவில் ஆடுபவனல்லன். ஆயினும் நீங்கள் எனக்கும் பயிற்சியாளரே, போகாதீர்கள் என்பது அதன் கருத்து. அதைப் படித்துக் கண்கலங்கியதாகக் கோச் கே பின்னர் சொன்னார். யூலை 5 ஆம் நாள், தாம் டியூக்கிலேயே இருப்பதாக அறிவித்தார். ஒரு கடிதம் மட்டுமே அவரை நிறுத்தியதென்று நான் நம்பவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் பழகிய இடம் ஒருவரை எளிதில் விடுமா? ஆனால் தம் வேலை எதுவென்று அந்தக் கடிதம் அவருக்கு நினைவூட்டியிருக்கும்.

தொழில்முறை வீரரை நடத்தத் தெரியாதவரென்று எவரும் சொல்லவும் இடமில்லை. 2008, 2012, 2016 மூன்று ஒலிம்பிக்கிலும் அவ்வீரர்களைக் கொண்டே அமெரிக்காவுக்குத் தங்கம் பெற்றுக் கொடுத்தார். முதலிரண்டிலும் கோபி பிறயன்ற் அவரிடம் ஆடினார். டியூக்குக்கு 2010 இலும் 2015 இலும் மேலும் இரு வாகைகள் கிடைத்தன. 2022 இல், அயலிலேயே உள்ள வட கரோலினா சர்வகலாசாலையிடம் 81க்கு 77 என்று தோற்ற ஆட்டத்தோடு அவர் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு வந்த ஜோன் ஷையர், 2010 வாகைக் குழுவில் அவரிடம் ஆடிய மாணாக்கர்.