வெளிச்சமும் வெளியும்: வடலூரில் ஏழு திரை

பெயிண்ட், கல், களிமண் எதையும் தொடாத கலைஞர்களைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சு. அவங்க பயன்படுத்துறது ரெண்டே பொருள்: வெளிச்சம், வெளி.

1960-கள்ல கலிஃபோர்னியாவுல இந்தப் போக்கு கிளம்புச்சு. அதுல முக்கியமான பேரு ஜேம்ஸ் டரெல். கூரையில ஒரு திறப்பு விட்டு, அதுக்குக் கீழ நம்மளை உட்கார வைப்பார். கொஞ்ச நேரத்துல வானம் கூரையிலயே ஒட்டுன மாதிரி கிட்டக்கத் தெரியும். மாறுனது வானம் இல்லை, நம்ம பார்வை.

சரி, இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா? திட்டக்குடியில பஸ் ஏறி விருத்தாசலம், நெய்வேலி தாண்டுனா வடலூர். 1872 ஜனவரி 25 அன்னைக்கு வள்ளலாரோட சத்திய ஞான சபை அங்கதான் திறந்தாங்க. எட்டுப் பக்கம் உள்ள கட்டடம். வழிபட சிலை கிடையாது. ஒரு விளக்கு, அதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி, அதை மறைச்சு ஏழு திரை: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில கலப்பு நிறம். மாசப் பூசத்துக்கு ஆறு திரைதான் விலகும். தைப்பூசத்துக்கு மட்டும் ஏழும் விலகும்.

வள்ளலார் இதைக் கலைன்னு செய்யலை. அவருக்குத் திரைங்கிறது மனுஷனோட அறிவை மறைக்கிற மாயை. ஆனா கவனிங்க, டரெல் மாதிரியே இவரும் வெளிச்சத்தைச் சட்டுனு கையில கொடுக்கலை. காத்திருக்க வைக்கிறார். ஒவ்வொரு நிறமா விலக விலக, பார்க்கிறவங்களோட கண்ணு தயாராகுது. விளக்கு என்னவோ அதே விளக்குதான்.

இன்னொரு பொருள் வெளி. சபையைச் சுத்தி இருக்கிற திறந்த நிலத்துக்குப் பேரே பெருவெளி. பார்வதிபுரம் மக்கள் வள்ளலாருக்குக் கொடுத்த 80 காணி நிலத்துல வந்தது அது. தைப்பூசத்தன்னைக்கு ஜோதி பார்க்க வர்ற லட்சக்கணக்கான ஜனம் நிக்கிறது அங்கதான். 2024-ல அங்க வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு அடிக்கல் நாட்டுச்சு. வர்றவங்களுக்கு வசதி வேணும்ங்கிறது அரசோட வாதம். ஊர் மக்களும் சன்மார்க்க அன்பர்களும் எதிர்த்தாங்க. உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. மையமே வேணாம்னு அவங்க சொல்லலை, வேற இடத்துல கட்டுங்கன்னுதான் கேட்டாங்க.

காலி இடம்னா ஏதாவது கட்டணும்னு நமக்கு ஒரு பழக்கம். டரெலோட கூரைத் திறப்பை மூடி ஃபேன் மாட்டுனா வசதியா இருக்கும். ஆனா அங்க பார்க்க எதுவும் மிஞ்சாது. பெருவெளியும் அப்படித்தான். அது மிச்சம் கிடக்கிற நிலம் இல்லை, சபையோட ஒரு பாகம்.

அடுத்த தைப்பூசத்துக்குப் போனீங்கன்னா, திரை விலகுறப்போ ஃபோனைக் கொஞ்சம் உள்ள வச்சுட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!