கூலி கேட்டால் தொழுமரமா?



1348-இல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் புகுந்தது. இரண்டே ஆண்டுகளில் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போனது. உழ ஆளில்லை, அறுக்க ஆளில்லை. பிழைத்துக் கிடந்த உழைப்பாளி, "இவ்வளவு கொடுத்தால் வருகிறேன்" என்றான். சரக்கு அருகினால் விலை ஏறும் என்பது வணிகனுக்கு நியாயம் என்றால், உழைப்பவனுக்கு மட்டும் அது எப்படிக் குற்றமாகும்?

குற்றமாக்கினார்கள்! 1349 ஜூனில், நோய் ஓயும் முன்பே, மூன்றாம் எட்வர்டு மன்னர் ஆணையிட்டார். நோய்க்கு முந்தைய கூலிதான் இனியும் கூலி. அறுபது வயதுக்கு உட்பட்டு, சொந்த நிலமோ கைத்தொழிலோ இல்லாத ஆணும் பெண்ணும் கூப்பிட்டவரிடம் வேலைக்குப் போகவேண்டும். மறுத்தால் சிறை. உடலில் வலுவிருந்து பிச்சை கேட்பவருக்கு ஒரு பிடி இட்டாலும், இட்டவருக்குச் சிறை!

அதுவும் போதவில்லை. 1351-இல் நிலப்பிரபுக்கள் நிறைந்த நாடாளுமன்றம் கூலிப் பட்டியலே போட்டது. கதிர் அறுப்பவருக்கு ஆகஸ்டு முதல் வாரம் நாளுக்கு 2 பென்னி, அடுத்த வாரம் 3 பென்னி. அதற்குமேல் சாப்பாடும் கேட்கக்கூடாது. கருவியைக் கையில் பிடித்து, சந்தையூரின் பொதுவிடத்தில், எல்லோர் கண்ணெதிரே நின்றுதான் வேலைக்கு அமரவேண்டும். மறைவில் பேசிக் கூடுதல் கூலி வாங்கிவிடுவார்களே, அந்தப் பயம்! சட்டத்துக்கு அடங்குவதாக ஆண்டுக்கு இருமுறை சத்தியம் செய்யவேண்டும். செய்யாதவரின் காலை மாட்ட ஊர்தோறும் தொழுமரம் அடிக்கச் சொன்னார்கள். 1361-இல், ஓடிப்போனவரின் நெற்றியில் சூடு போடவும் சட்டம் எழுதினார்கள்.

உணவுப் பொருளையும் நியாய விலைக்கே விற்கவேண்டும் என்று 1349 ஆணை சொன்னது உண்மைதான். ஆனால் நீதிபதிகள் முன் பெரும்பாலும் நின்றவர்கள் கூலிக்காரர்களே.

1381-இல் தலைவரி மூட்டிய நெருப்பில் நாட்டுப்புறமே எழுந்தது. மனமொப்பிப் பேசிய ஒப்பந்தம் இல்லாமல் எவரும் எவருக்கும் வேலை செய்யக்கூடாது என்று இளம் மன்னன் ரிச்சர்டிடம் கேட்டார்கள். மன்னன் வாக்குக் கொடுத்தான். கிளர்ச்சித் தலைவர் வாட் டைலரை மன்னனின் ஆட்கள் வெட்டிச் சாய்த்தபின், அவன் வாக்கை மீறினான். 1388-இல், முத்திரைக் கடிதம் இல்லாமல் வட்டாரம் தாண்டக்கூடாது என்று மறுபடி பூட்டினார்கள்.

தோழர்களே, வேலையை விட்டவரைத் தண்டிக்கும் அந்த வழக்கம் கப்பலேறி நம் மண்ணுக்கும் வந்தது. 1859-இல் இந்தியாவில் ஒப்பந்த மீறல் சட்டம். 1865-இல் இலங்கையில் தொழிலாளர் சட்டம். மலையகத்தில் துரையிடம் 'துண்டு' வாங்காமல் நம் மக்கள் அடுத்த தோட்டத்தில் சேரமுடியாதிருந்தது. கடனை அடைத்தால்தான் விடுதலை என்று எழுதிய அந்தத் துண்டு 1921-இல்தான் ஒழிந்தது.

கூலியைப் பேசும் உரிமையும், வேண்டாத வேலையை விட்டு நடக்கும் உரிமையும் உழைப்பவருக்கே உரியவை. இன்றும் எந்த முதலாளியாவது வெளியூர்த் தொழிலாளியின் அடையாள அட்டையை வாங்கிப் பூட்டிவைத்திருந்தால், கூட்டமாகப் போய்க் கேளுங்கள். அட்டை அவர் கைக்குத் திரும்பும்வரை வாசலை விட்டு நகராதீர்கள்!