உஷ்ணத்தை எதிர்த்து டாக்டர்கள் அணிவகுப்பு: உழைப்பாளிகள் செய்ய வேண்டியது என்ன?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உலகெங்கும் டாக்டர்களும் நர்ஸுகளும் ஸ்தாபனமாகத் திரண்டு ஒரு கிளர்ச்சி நடத்தி வருகிறார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அதுதான். "டாக்டர்கள் கிளர்ச்சி அவர்கள் பாடு, நமக்கென்ன?" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். என் பேச்சு முடிவதற்குள் அது நம் கூலிப் பிரச்னையில் வந்து நிற்கும். நம் வேலை நேரப் பிரச்னையில் வந்து நிற்கும்.

2021ம் ஆண்டு அக்டோபரில், கிளாஸ்கோ நகரில் பருவநிலை மாநாடு கூடுவதற்குச் சற்று முன்னால், உலகத்துச் சர்க்கார்கள் அனைத்துக்கும் ஒரு மகஜர் போயிற்று. அதில் கையெழுத்திட்ட ஸ்தாபனங்கள் 4 கோடியே 50 லட்சம் சுகாதார ஊழியர்களின் பிரதிநிதிகள். டாக்டர்கள், நர்ஸுகள், மருந்தாளர்கள், கிராமத்து ஆரோக்கிய ஊழியர்கள் எல்லோரும் அதில் அடக்கம். அதற்கு முந்தின மாதம், 200க்கும் அதிகமான மருத்துவப் பத்திரிகைகள் ஒரே தலையங்கத்தை வெளியிட்டன. நம் நாட்டின் தேசிய மருத்துவ இதழும் அவற்றில் ஒன்று. பூமியின் சூடு ஏறுவதை நிறுத்தாவிட்டால் ஜனங்களின் ஆரோக்கியத்தைக் காப்பாற்ற முடியாது என்று அவை ஒரே குரலில் சொல்லின.

நோயாளிக்குச் சீட்டு எழுதும் டாக்டர் சர்க்காருக்கு ஏன் சீட்டு எழுதினார்? அதைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆமதாபாத்தில் நடந்தது

ஆமதாபாத் ஒரு காலத்தில் பஞ்சாலைகளின் பட்டணம். உங்களைப் போன்ற நூற்பாளரும் நெசவாளரும் கட்டி எழுப்பிய நகரம். 2010ம் ஆண்டு மே மாதம் அங்கே உஷ்ணம் 46.8 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டது. ஜனங்கள் செத்தார்கள். ஆனால் எத்தனை பேர் செத்தார்கள் என்பதே அப்போது தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? வெயிலில் விழுந்து செத்தவனுக்கு "மாரடைப்பு" என்று எழுதுவார்கள். சிறுநீரகம் கெட்டுச் செத்தவனுக்கு "சிறுநீரகக் கோளாறு" என்று எழுதுவார்கள். கிழவி ஒருத்தி தகரக் கொட்டகைக்குள் செத்தால் "வயோதிகம்" என்று எழுதுவார்கள். கொலை செய்த வெயிலின் பெயர் காகிதத்தில் வராது!

பிறகு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் நகரசபையின் மரணப் பதிவேட்டைப் புரட்டினார்கள். எந்தக் காரணம் எழுதியிருந்தாலும் சரி, அந்த மாதத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டும் எண்ணினார்கள். 4,462 பேர். வழக்கமான மே மாதக் கணக்கு 3,118. மீதி 1,344 பேர் யார்? அவர்கள்தான் உஷ்ணத்துக்குப் பலியானவர்கள். இந்தக் கணக்கு வெளிவந்த பிறகு யாரும் "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்ல முடியவில்லை.

காந்திநகரிலுள்ள பொது சுகாதாரக் கல்வி நிலையமும் ஆமதாபாத் நகரசபையும் வேறு சில ஸ்தாபனங்களும் சேர்ந்து 2013ல் ஒரு திட்டம் போட்டன. தென் ஆசியாவிலேயே அப்படிப்பட்ட முதல் திட்டம் அது. கொடிய வெயில் வருமுன்பே எச்சரிக்கை. தெருவுக்குத் தெரு குடிநீர். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குப் பயிற்சி. இத்தனைதான். இதனால் ஆண்டுக்குச் சராசரி 1,190 உயிர்கள் தப்பின என்று பின்னர் நடந்த ஆய்வு மதிப்பிட்டது.

அதே நகரத்தின் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மேல் மாடியில், சுட்டெரிக்கும் தளத்துக்கு அடியில் இருந்தது. பிறந்த சிசுக்கள் உஷ்ணம் தாங்காமல் அவசர சிகிச்சைக்குப் போயின. வார்டைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். அந்த ஆபத்து பாதிக்கு மேல் குறைந்தது. புது மருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை. பச்சைக் குழந்தையை எந்த மாடியில் படுக்க வைப்பது என்று யோசிக்க ஒரு மனிதர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உழைக்கும் உடம்பில் உஷ்ணம் செய்யும் வேலை

வெயில் எல்லோருக்கும் பொது என்பார்கள். பொதுவா? குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் படிப்பவனும், நடு மத்தியானத்தில் நாற்று நடுகிறவளும் ஒரே வெயிலையா அனுபவிக்கிறார்கள்?

உடம்பு உழைக்கும்போது உள்ளுக்குள் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்கு ஓடுகிறது; இருதயம் இரண்டு மடங்கு பாடுபடுகிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியும், உலராது. நூற்பு ஆலைத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நூல் அறாமல் இருக்க ஆலைக்குள் ஈரம் ஏற்றுகிறார்கள். நூலைக் காப்பாற்றும் அதே ஈரம் ஆளை வேக வைக்கிறது! உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தடுமாறும், பேச்சு குழறும், உடனே சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும்.

அன்றைக்கே கொல்வது ஒரு வகை. ஆண்டுக்கணக்கில் அரிப்பது இன்னொரு வகை. தண்ணீர் வற்றிய உடம்போடு தினமும் உழைத்தால் சிறுநீரகம் கெடுகிறது. மத்திய அமெரிக்காவில், நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டும் கூலியாட்கள் ஆயிரக்கணக்கில், இளம் வயதிலேயே, இந்த நோய்க்குப் பலியானார்கள். நம் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2023ல் வெளிவந்தது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய உஷ்ணத்தில் உழைக்கிறார்கள் என்றும், நூற்றுக்கு 7 பேரிடம் சிறுநீரகச் சக்தி குறைந்திருந்தது என்றும் அது கண்டது. 2024ல் வெளிவந்த மற்றொரு ஆய்வு தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிப் பெண்களைப் பற்றியது. வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் கடும் உஷ்ணத்தில் வேலை செய்த தாய்மார்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு!

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2024ல் சொன்ன கணக்குப்படி, உலகில் 240 கோடி உழைப்பாளிகள் கடும் உஷ்ணத்துக்கு ஆளாகிறார்கள். அவர்கள் யார் என்று கேட்க வேண்டுமா? இந்தப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களும்தான்.

அடுப்பை மூட்டியது யார்?

பூமி ஏன் சூடாகிறது? நிலக்கரி, பெட்ரோல், இயற்கை வாயு ஆகியவற்றை எரிப்பதால் எழும் கரியமில வாயு ஆகாயத்தில் தங்கிக் கம்பளிபோல் பூமியைப் போர்த்துகிறது. ஆலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த இந்த வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. கணக்கெடுக்கத் தொடங்கிய பின் மிகவும் சூடான ஆண்டு 2024.

"எல்லோரும்தான் காரணம்" என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். சராசரி அமெரிக்கன் ஒருவன் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறான். சராசரி இந்தியன் சுமார் 2 டன். அந்த 2 டன்னிலும் மாளிகைக்காரனின் பங்கு எவ்வளவு, குடிசைக்காரியின் பங்கு எவ்வளவு? அடுப்பு மூட்டிக் குளிர் காய்ந்தவன் ஒருவன். புகையில் மூச்சு முட்டுகிறவன் வேறொருவன்! டாக்டர்களின் மகஜரும் இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டிருக்கிறது. பணக்கார நாடுகள் அதிகமாகக் குறைக்க வேண்டும், வாக்களித்த பணத்தை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று அது கோருகிறது.

டாக்டர்களுக்கு இது புதிதல்ல

மருத்துவர் வீதிக்கு வருவது இன்று தொடங்கிய சங்கதி அல்ல. 1848ல் மேல் சைலீசியாவில் விஷ ஜுரம் பரவியபோது, பிரஷ்ய சர்க்கார் ருடால்ஃப் விர்ஹோ என்ற இளம் டாக்டரை அனுப்பியது. அவர் திரும்பி வந்து எழுதிய அறிக்கை என்ன சொல்லிற்று? பட்டினியும் அடிமை வாழ்வும்தான் நோயின் வேர். கல்வியும் ஜனநாயகமும் நல்வாழ்வும்தான் மருந்து என்று சொல்லிற்று. மறு ஆண்டே அவர் பெர்லின் உத்தியோகத்தை இழந்தார்.

1952 டிசம்பரில் லண்டன் நகரை நிலக்கரிப் புகை மூடியது. முதல் கணக்கிலேயே 4,000 பேர் சாவு. சர்க்கார் இன்ஃபுளுயன்சா மேல் பழி போட்டது! மரணக் கணக்கை மறைக்க முடியாமல் போன பிறகு, 1956ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. 1980ல் அமெரிக்க இருதய டாக்டர் பெர்னார்ட் லவுனும் சோவியத் இருதய டாக்டர் யெவ்கெனி சாஸவும் கைகோத்து, அணு யுத்தத்துக்கு எதிராக டாக்டர்களின் சர்வதேச ஸ்தாபனத்தைக் கட்டினார்கள். அணுகுண்டு விழுந்த பின் எந்த ஆஸ்பத்திரியும் உதவாது. விழாமல் தடுப்பதே சிகிச்சை என்றார்கள். 1985ல் அந்த ஸ்தாபனத்துக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

இன்றும் சிலர் விலை கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் எண்ணெய்க் கிடங்கு முன் மறியல் செய்து சிறை சென்ற ஒரு டாக்டரம்மாவின் தொழில் உரிமையை 2024ல் ஐந்து மாதம் நிறுத்தி வைத்தார்கள்.

சீட்டு எழுதினால் போதுமா?

தோழர்களே! இங்கேதான் நம் வேலை ஆரம்பமாகிறது. "மத்தியானம் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யாதே, நிழலில் ஓய்வெடு, நிறையத் தண்ணீர் குடி" என்கிறார் டாக்டர். நல்ல யோசனை. ஆனால் அந்த மூன்று மணி நேரக் கூலியை யார் கொடுப்பது? களை எடுக்கிறவள் உட்கார்ந்தால் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆலையில் இயந்திரத்தை விட்டு நகர்ந்தால் மெமோ வரும். கூலி இல்லாத ஓய்வுக்கு இன்னொரு பெயர் பட்டினி. தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். ஒதுங்க ஓர் இடமில்லாத வயற்காட்டில் பெண்கள் எப்படிக் குடிப்பார்கள்? குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள், சிறுநீரகம் கெடுகிறது.

ஆகவே டாக்டரின் சீட்டுக்குச் சங்கத்தின் பலம் வேண்டும். சங்கத்தின் கோரிக்கைக்கு டாக்டரின் சாட்சியம் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று நொண்டி.

"ஓய்வு கொடுத்தால் உற்பத்தி விழுந்துவிடும்" என்று முதலாளி கூக்குரலிடுவான். எல் சால்வடாரில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு நிழற்பந்தலும் முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பையும் முறையான ஓய்வும் நல்ல வெட்டரிவாளும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு ஆள் ஒரு நாளில் வெட்டியது சராசரி 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக ஏறியது! முதலாளிக்கு இந்தப் பதிலைச் சொல்லுங்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: உற்பத்தி ஏறாவிட்டாலும் எங்களுக்கு உயிர் வேண்டும்!

நிலக்கரிச் சுரங்கத் தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "கரியை நிறுத்தினால் எங்கள் பிழைப்பு?" நியாயமான கேள்வி. மாற்று வேலையும் முழுக் கூலியும் உறுதி செய்யாமல் சுரங்கத்தை மூடினால், அது உழைப்பாளி மேல் விழும் இன்னொரு அடி. 2015 பாரிஸ் உடன்படிக்கையின் முகவுரையிலேயே, மாற்றம் தொழிலாளிகளுக்கு நியாயமாக நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. டாக்டர்களின் மகஜரும் அதையே சொல்கிறது. காகிதத்தில் உள்ளதைக் காரியமாக்குவது தொழிற்சங்கங்களின் கடமை.

நாம் கோர வேண்டியவை

ஒன்று: உக்கிரமான வெயில் நாட்களில் மத்தியான வேலை நிறுத்தம், அந்த நேரத்துக்கு முழுக் கூலி.

இரண்டு: வேலைத்தலம் ஒவ்வொன்றிலும் நிழல், குடிநீர், பெண்களுக்கு ஒதுக்கிடம்.

மூன்று: ஆலையின் ஒவ்வொரு பகுதியிலும் உஷ்ணத்தையும் ஈரத்தையும் காட்டும் கருவி, தொழிலாளியின் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டப்பட வேண்டும்.

நான்கு: வெயிலால் சாவு நேர்ந்தால் அதை வெயிலால் என்றே எழுத வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தது. காகிதத்தில் வெயிலின் பெயர் இல்லாவிட்டால் அந்த விதவையின் கைக்குப் பணம் எப்படி வரும்?

இந்தக் கோரிக்கைகளோடு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். டாக்டரையும் நர்ஸையும் கண்டு பேசுங்கள். அவர்களை விரோதியாக நினைக்காதீர்கள். அவர்களும் வேலைப்பளுவில் நசுங்குகிற ஊழியர்கள்தான். உங்கள் சங்கக் கூட்டத்துக்கு அழையுங்கள். சென்ற கோடையில் யார் யார் மயங்கி விழுந்தார்கள், எந்த வேலைத்தலத்தில், எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஆமதாபாத்தில் வெயிலின் குற்றத்தை ருசுப்படுத்தியது ஒரு பதிவேடு. நமக்கும் ஒரு பதிவேடு வேண்டும்.

இன்னொன்று, இதை இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். வெயிலில் ஒருவர் மயங்கினாலோ பேச்சு குழறினாலோ, உடனே நிழலுக்குத் தூக்குங்கள், துணியைத் தளர்த்துங்கள், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். 108க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

தோழர்களே! எட்டு மணி நேர வேலையை எந்த முதலாளியும் இரக்கப்பட்டுத் தரவில்லை. உழைப்பாளிகள் போராடிப் பெற்றார்கள். வெயிலிலிருந்து பாதுகாப்பும் அப்படித்தான் வரும். டாக்டர்கள் தங்கள் பங்கைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த பங்குனி வெயிலுக்கு முன் நம் பங்கையும் தொடங்குவோம்! ஒவ்வொரு சங்கக் கிளையிலும் இந்தக் கோரிக்கைகளை வைத்து விவாதியுங்கள், தீர்மானம் போடுங்கள், தீர்மானத்தை எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்கும் தாலுகா கச்சேரிக்கும் திரண்டு போங்கள்!